களத்துமேட்டுக் கணக்கு: ஒருவர் பெற்றால் இன்னொருவர் இழக்கத்தான் வேண்டுமா?



யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழர் கூலிக்கும் நிலத்துக்குமான போராட்டங்களில் தன் வாழ்நாளைக் கழித்தவர். அந்தப் போராட்டங்கள் எல்லாவற்றிலும் எதிர்த்தரப்பிலிருந்து ஒரே வாதம் தவறாமல் வந்தது: ‘உங்களுக்குக் கொடுத்தால் எங்களுக்கு என்ன மிஞ்சும்?’ கூலி கேட்டபோது இதைச் சொன்னார்கள். மனைப்பட்டா கேட்டபோதும் சொன்னார்கள். இட ஒதுக்கீடு கேட்கும்போது இன்றும் சொல்கிறார்கள். இந்த வாதத்தை வரலாற்றின் முன் நிறுத்தி விசாரிப்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை என்று கருதுகிறேன்.

வாதத்தின் வயது

இது நம் ஊர் மிராசுதார் கண்டுபிடித்த வாதமல்ல. ஒருவனுடைய ஆதாயம் இன்னொருவனுடைய நட்டம் என்று 16ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுச் சிந்தனையாளர் மொந்தேய்ன் ஒரு கட்டுரை எழுதினார். இறுதிச் சடங்குப் பொருள்களை விற்று லாபம் பார்த்த ஒரு வணிகனை, ‘உன் லாபம் பலருடைய சாவால் வருகிறது’ என்று சொல்லித் தண்டித்த ஏதென்ஸ்காரர் ஒருவரின் கதை அதில் வருகிறது. அக்காலத்து ஐரோப்பிய அரசுகளும் வணிகத்தை ஏறக்குறைய இப்படித்தான் பார்த்தன. உலகத்தில் இருக்கும் பொன்னும் வெள்ளியும் ஓர் அளவுதான். அண்டை நாட்டுக்குப் போனது நமக்கு இல்லாமல் போனது என்று கணக்குப் போட்டன. 1776இல் ஆடம் ஸ்மித் இதை மறுத்தார். மனமொப்பிச் செய்துகொள்ளும் பரிமாற்றத்தில் இரு தரப்பும் பயன்பெற முடியும், உழைப்பைப் பகுத்துச் செய்வதால் மொத்தச் செல்வமே பெருகும் என்றார்.

பாடப்புத்தகம் இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. நமக்கோ இங்கேதான் கேள்வி தொடங்குகிறது. ‘மனமொப்பி’ என்ற சொல் சேரியில் எந்த நூற்றாண்டில் செல்லுபடியானது? அண்ணல் அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ உரையில் சுட்டிக்காட்டியது இதைத்தான்: சாதி என்பது உழைப்பை மட்டும் பிரிக்கவில்லை, உழைப்பவர்களையே பிரித்து ஒருவர்மேல் ஒருவராக அடுக்கி வைத்திருக்கிறது. அப்படி அடுக்கப்பட்ட சமூகத்தில் லாப நட்டக் கணக்கு எப்படி எழுதப்பட்டது என்பதை நாம் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

யாருடைய இழப்பு ஏட்டில் ஏறியது?

1833இல் பிரிட்டன் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. அதற்காக 2 கோடி பவுன் இழப்பீடு ஒதுக்கியது. அது அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்குப் போனது. தலைமுறை தலைமுறையாகக் கூலியில்லாமல் உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அந்த இழப்பீட்டுக்காக வாங்கிய கடனின் மிச்சத்தைப் பிரிட்டிஷ் அரசு கட்டி முடித்தது 2015இல்தான். அடிமை விடுதலை பெறுவது உரிமையாளருக்கு நட்டம் என்று ஏட்டில் எழுதினார்கள். அவன் அதுவரை இழந்த உழைப்பை எந்தப் பத்தியிலும் எழுதவில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளும் இலங்கையும் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கப்பட்டன. இந்தியாவுக்கு 1843இல் ஐந்தாம் சட்டம் வந்தது. அடிமை மீதான உரிமையை நீதிமன்றம் இனி அங்கீகரிக்காது என்று மட்டுமே அது சொன்னது. அடிமையை வைத்திருப்பது குற்றமானது 1862இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான். இடைப்பட்ட காலத்தில் ஆண்டைகள் சும்மா இருக்கவில்லை. அடிமைச் சீட்டு கடன் சீட்டாக மாறியது. கல்யாணத்துக்கு வாங்கிய சில ரூபாய்க்கு அப்பனும் மகனும் பேரனும் பண்ணையில் கட்டுண்டு கிடந்தார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் தேவைப்பட்டது என்பதே 1843இன் சட்டம் எவ்வளவு தூரம் சேரிக்குள் வந்தது என்பதற்குச் சாட்சி.

ஆகவே, ‘எங்களுக்கு நட்டம்’ என்று யாராவது சொன்னால் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கணக்கை எந்த நாளிலிருந்து தொடங்குகிறீர்கள்? நேற்றிலிருந்து தொடங்கினால் விடுதலை என்பது பறிமுதல் போலத் தெரியும். நூறு வருடம் பின்னால் போய்த் தொடங்கினால் அதுவே பாக்கியின் ஒரு சிறு பகுதியைத் திருப்பித் தருவதாகத் தெரியும்.

அம்பாரத்தைப் பிரிக்கும்போது

எதிராளியின் வாதத்தில் உண்மை இருக்கும் இடத்தை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். களத்துமேட்டில் நெல் அம்பாரமாகக் குவிந்து கிடக்கிறது. அது அன்று ஓர் அளவுதான். அதிலிருந்து கூலிக்கு ஒரு மரக்கால் கூடுதலாக அளந்தால் நிலக்காரர் வீட்டுக் குதிருக்கு ஒரு மரக்கால் குறையும். இதில் மழுப்ப ஒன்றுமில்லை.

1952இல் தஞ்சை மாவட்டத்துக்காக வந்த குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு குத்தகைதாரருக்கு என்றது. 1956இன் நியாய வாரச் சட்டம் நன்செயில் நூற்றுக்கு 60 பங்கு உழுபவருக்கு என்றது. இந்த உயர்வு நிலக்காரரின் பங்கிலிருந்துதான் வந்தது. அவருக்கு அது இழப்புதான். ஆனால் அது நியாயமான இழப்பு. இழப்பு ஒன்று ஏற்படுகிறது என்பதாலேயே அது அநீதி ஆகிவிடாது. ‘யாருக்கும் நட்டமில்லாமல் எல்லோருக்கும் நன்மை செய்வோம்’ என்று பேசும் நல்லவர்களிடம் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது இதனால்தான். அம்பாரத்தைப் பிரிக்கும் இடத்தில் அந்தப் பேச்சு, இருப்பதை இருக்கிறபடியே விட்டுவிடச் சொல்லும் பேச்சு.

1952 சட்டத்துக்கு மிராசுதார்கள் கண்ட மாற்றுவழியையும் நினைவில் வையுங்கள். பண்ணையாளுக்குப் பாதுகாப்பு என்றதும், பலர் பண்ணையாளே வேண்டாம் என்று விலக்கித் தினக்கூலிகளை வைத்துக்கொண்டார்கள். குத்தகைச் சட்டத்தின் பலனும் பெரும்பாலும் குத்தகை பெற்றிருந்த இடைநிலைச் சாதிகளுக்கே போனது. நிலத்தில் எந்த உரிமையும் இல்லாத சேரி மக்கள் அந்தப் பங்கீட்டில் ஒரு தரப்பாகவே எண்ணப்படவில்லை.

தரிசாகக் கிடந்த நிலம்

அம்பாரம் ஓர் அளவுதான். தரிசு நிலத்தின் கதை வேறு. செங்கல்பட்டு மாவட்டத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் கேள்விக்கு மிகத் தெளிவான விடை அங்கேதான் கிடைக்கிறது.

1891இல் அங்கே ஆட்சியராக இருந்த டிரமன்ஹீர், பறையர் மக்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். ஆதம் ஆண்ட்ரு, வில்லியம் கூடி போன்ற மிஷனரிகள் அந்த ஆண்டுகளில் இதே மாவட்டத்தில் சேரி மக்களுக்கு நிலம் பெற்றுத்தர முயன்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் எல்லோரும் மோதிய சுவர் ஒன்றே. அது மிராசு உரிமை. ஊரில் உள்ள தரிசு நிலத்துக்கு யாராவது தர்காஸ்து போட்டால், முதல் உரிமை மிராசுதாருக்கு. அவர் வேண்டாம் என்ற பிறகே மற்றவருக்கு. அப்படியே கிடைத்தாலும் மிராசுதாருக்கு ஒரு பங்கு செலுத்த வேண்டும். அந்தக் காலத்து வருவாய்த் துறை ஏடுகளில் அந்தப் பங்கின் பெயர் ‘சுவதந்திரம்’. சொல்லைக் கவனியுங்கள் தோழர்களே. சேரிக்காரன் ஒரு துண்டு நிலத்தை உழுவதற்கு ஆண்டைக்குக் கட்டியதன் பெயர் சுவதந்திரம்! சேரி மக்கள் குடியிருந்த மனைகூட மிராசுதாருக்கே சொந்தம் என்று வாதிடப்பட்டது. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். நிலம் தரிசு. மிராசுதார் அதை உழவில்லை. அதிலிருந்து அவருக்கு ஒரு மணி விளையவில்லை. சேரி மக்கள் அதைத் திருத்தினால் அவர்களுக்குச் சோறு, அரசுக்குத் தீர்வை. யாருடைய குதிரிலிருந்தும் நெல் குறையப்போவதில்லை. அப்படியிருந்தும் எதிர்ப்பு மூர்க்கமாக வந்தது. ஏன்?

சொந்தமாக ஓர் ஏக்கர் உள்ளவன், விடியற்காலையில் ஆண்டை குரல் கொடுத்ததும் ஓடி வரமாட்டான். கொடுத்த கூலியை வாங்கிக்கொண்டு தலைகுனிந்து நிற்கமாட்டான். மிராசுதார் இழக்கப்போவது நிலத்தை அல்ல, ஆளை. சேரியின் வறுமை அவருக்கு ஒரு மூலதனமாக இருந்தது. ரூபா விஸ்வநாத் தன் ‘தி பறையா பிராப்ளம்’ நூலில், உழைப்பைக் கட்டுப்படுத்தும் இந்த ஏற்பாட்டை அதிகாரிகளும் ஆண்டைகளும் எப்படிச் சேர்ந்து காத்தார்கள் என்பதை ஆவணங்களைக் கொண்டு விரிவாக எழுதியிருக்கிறார்.

1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்லும் ஒதுக்கீடு அதிலிருந்து பிறந்தது. பத்து ஆண்டுகள் விற்கக்கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட மக்களைத் தவிர மற்றவருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு நிலம் வழங்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1994 அக்டோபரில் காரணையில் அந்த நிலத்தைக் கேட்டபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் இழந்தார்கள்.

கப்பல் ஏறியவர்களும் சுரங்கத்தில் இறங்கியவர்களும்

ஊர் அடைத்த வழியைக் கடல் திறந்தது. இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும், பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சேரிகள் கிளம்பின. கங்காணியின் கடன், தோட்டத்துக் காய்ச்சல், வழியிலேயே செத்தவர்கள் என்று அந்தப் பயணத்தின் துயரம் நமக்குத் தெரியும். ஆனால் ஊரில் மிச்சமிருந்தவர்களிடம் மிராசுதார் பேசும் தொனி மாறியதும் உண்மை. ஆள் கிடைக்காமல் போகலாம் என்ற பயம் அவருக்கு முதல்முறையாக வந்தது. போய்த் திரும்பியவர்களில் சிலர் கையில் காசோடு வந்து நிலம் வாங்கினார்கள். லால்குடிப் பகுதியின் நில ஆவணங்களை ஆராய்ந்த ஜப்பானிய வரலாற்றாசிரியர் ஹருகா யானகிசவா, பள்ளர், பறையர் மக்கள் கையில் நிலம் மெல்ல மெல்லச் சேர்ந்ததைக் காட்டியிருக்கிறார்.

கோலார் தங்கவயலுக்கு 1880களிலிருந்து வட ஆற்காட்டுச் சேரிகள் படையெடுத்தன. சுரங்கத்துக் கூலி பண்ணைக் கூலியைவிட மேல். அந்தக் கூலியில் பள்ளி வந்தது, சங்கம் வந்தது, பண்டிதர் அயோத்திதாசரின் பௌத்தச் சங்கத்துக்குக் கிளை வந்தது, 1907இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழுக்கு வாசகர்கள் வந்தார்கள். கம்பெனிக்கும் லாபம், தொழிலாளிக்கும் முன்னேற்றம். இரு தரப்பும் பெற்றன என்பதற்கு இதைக் காட்டலாம். ஆனால் கல்தூசி படிந்த நுரையீரலும் பாறை வெடித்து மண்ணுக்குள் போன உயிர்களும் எந்தப் பக்கத்துக் கணக்கில் ஏறின? இருவரும் பெறுகிறார்கள் என்பது ஒரு செய்தி. நியாயமாகப் பெறுகிறார்களா என்பது வேறொரு கேள்வி. முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறைக்க விடக்கூடாது.

அரைப்படி நெல்

இப்போது கீழத்தஞ்சைக்கு வருவோம். 1940களில் பி. சீனிவாசராவும் களப்பால் குப்புவும் அவர்களோடு நின்றவர்களும் சங்கம் கட்டியபோது எழுந்த முதல் கோரிக்கைகளில் சவுக்கடியையும் சாணிப்பாலையும் நிறுத்து என்பதும் ஒன்று. சவுக்கடியை நிறுத்தினால் மிராசுதாருக்கு எத்தனை மரக்கால் நெல் குறையும்? ஒரு மணிகூடக் குறையாது. அதைக்கூடப் போராடித்தான் 1944இல் ஒப்பந்தமாக எழுதி வாங்க வேண்டியிருந்தது.

1960களில் தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஏடிடி 27 போன்ற குறுகிய கால நெல் வந்தது, உரம் வந்தது, இருபோகம் பெருகியது. அதாவது அம்பாரம் வளர்ந்தது. ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். முன்பு 100 கலம் விளைந்தது, அறுவடைக் கூலி 10 கலம், நிலக்காரருக்கு 90. இப்போது 150 கலம் விளைகிறது. கூலியை நூற்றுக்கு 12 என உயர்த்தினால் 18 கலம். உரத்துக்கும் விதைக்கும் கூடுதலாக 20 கலம் போகட்டும். நிலக்காரருக்கு மிச்சம் 112. கூலி ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகியும் நிலக்காரர் பழையதைவிட 22 கலம் அதிகம் பெறுகிறார். இருவரும் பெறுவதற்கு இடம் இருந்தது என்பதை விளக்கவே இந்தக் கணக்கு.

வெண்மணி மக்கள் கேட்டது அரைப்படி நெல் என்றுதான் நம் நினைவில் பதிந்திருக்கிறது. அதைக் கொடுத்து எந்த மிராசுதாரும் ஏழையாகியிருக்கமாட்டார். அவர்கள் செய்தது என்ன? நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்தார்கள். வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்தார்கள். செங்கொடியை இறக்கு, சங்கத்தை விடு என்றார்கள். 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசைக்குள் 44 பேரை எரித்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். வழக்கில் கீழ்நீதிமன்றம் தண்டித்தது. உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. கணபதியா பிள்ளை ஆணையத்துக்குப் பிறகு 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கூலி உயர்ந்தது. அதனால் எந்தப் பண்ணையும் திவாலாகவில்லை. 44 உயிர்களை எரித்துக் காப்பாற்ற நினைத்தது நெல்லை அல்ல என்பது அப்போதே நிரூபணமாகிவிட்டது.

கொடியன்குளம்

இதைவிடத் தெளிவான சாட்சி தூத்துக்குடி மாவட்டத்துக் கொடியன்குளம். அங்கிருந்த தேவேந்திரர்கள் சொந்த நிலத்தில் பாடுபட்டும், வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்தும் கொஞ்சம் நிமிர்ந்திருந்தார்கள். குவைத்தில் ஈட்டிய காசு பக்கத்து ஊர்க்காரர் எவருடைய பெட்டியிலிருந்தும் எடுத்தது அல்ல. 1995 ஆகஸ்ட் 31 அன்று காவல்துறை அந்த ஊருக்குள் புகுந்தது. தொலைக்காட்சியும் மின்விசிறியும் தையல் இயந்திரமும் நொறுக்கப்பட்டன. தானியம் பாழாக்கப்பட்டது. கடவுச்சீட்டும் கல்விச் சான்றிதழும் எரிக்கப்பட்டன. குடிநீர்க் கிணறு கெடுக்கப்பட்டது.

நொறுங்கிய தொலைக்காட்சியால் யாருக்கு லாபம்? எரிந்த கடவுச்சீட்டால் எந்தச் சாதிக்காரர் வெளிநாடு போனார்? 2012 நவம்பரில் தருமபுரி நத்தத்தில் வீடுகள் எரிந்தபோதும் இதே கேள்விதான். பொருள் கணக்கில் இங்கே ஒருவர் இழந்தார், யாரும் பெறவில்லை. ஆனால் தகுதி என்று ஒன்று இருக்கிறது. நெல்லைப் போலத் தகுதியை விளைவிக்க முடியாது. ‘நான் உன்னைவிட மேல்’ என்பது நீ கீழே இருந்தால் மட்டுமே நிற்கும். சேரியில் ஒரு மாடி வீடு எழுந்தால் ஊரில் ஒரு செங்கலும் குறைவதில்லை. ஆனாலும் ஊருக்கு ஏதோ பறிபோனது போல இருக்கிறது. ஒருவர் பெற்றால் இன்னொருவர் இழந்தே தீரவேண்டும் என்ற விதி முழுமையாகப் பொருந்துவது சாதித் தகுதிக்குத்தான். அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையில் ஒவ்வொரு படியிலும் நிற்பவருக்குக் கீழே ஒருவர் தேவைப்படுவதால், அந்தப் பயம் ஏழைச் சாதி இந்துவையும் பிடித்துக்கொள்கிறது. அவன் கூலியும் வெண்மணிக்குப் பிறகுதான் உயர்ந்தது என்பதை அவன் எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் வீட்டுக் கணக்கு

இதே அளவுகோலை நம்மீதும் வைக்க வேண்டும். 2009இல் தமிழ்நாட்டில் 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. உள் வகைப்பாடு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. இதுபற்றி நமக்குள் கசப்பு இருக்கிறது. இந்த அரங்கிலும் இருக்கும்.

நேராகவே பேசுவோம். ஓராண்டில் நிரப்பப்படும் இடங்கள் களத்து அம்பாரம் போல ஓர் அளவுதான். அதில் ஒருவருக்குப் போனது மற்றவருக்கு இல்லை. ஆனால் நகரத்தின் மலக்குழியில் இறங்கிச் சாகும் பிள்ளைகளின் சமூகத்துக்கு மூன்று இடம் போவதைப் பார்த்து, ‘எங்களுக்கு என்ன மிஞ்சும்’ என்று நாம் கேட்டால், அது மிராசுதாரின் குரலில் நாம் பேசுவது. கணக்கை எந்த நாளிலிருந்து தொடங்குவது என்று அவரிடம் கேட்ட கேள்வி நமக்கும் உண்டு. அதே சமயம், 18க்குள் மட்டுமே நம்மைச் சண்டையிட வைத்துவிட்டு, நிரப்பாமல் கிடக்கும் பின்னடைவுப் பணியிடங்களையும் ஒதுக்கீடே இல்லாத தனியார் துறையையும் யாரும் பேசாமல் இருப்பது யாருக்கு வசதி என்பதையும் பார்க்க வேண்டும்.

பெண்கள் விஷயத்திலும் இதுதான். சம வேலைக்குச் சம கூலி என்ற சட்டம் 1976இலேயே வந்தது. நாள் முழுக்கக் குனிந்து நடவு நடும் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த கூலி என்பதைச் சங்கத்து ஆண்களும் நீண்ட காலம் இயல்பாகவே எடுத்துக்கொண்டார்கள். பெண் கூலி உயர்ந்தால் வீட்டுக்கு வருமானம்தான் கூடும். குறைவது ஆணின் அதிகாரம் மட்டும்.

அம்பேத்கரிடம் இந்தக் கேள்விக்கு இரண்டு பக்கமும் உண்டு. 1918இல் சிறு நிலவுடைமை பற்றி எழுதிய கட்டுரையில், நிலத்தை நம்பி அளவுக்கு மீறிய பேர் கிடப்பதே நோய், தொழில் பெருக்கமே மருந்து என்றார். அது அம்பாரத்தை வளர்க்கச் சொன்ன குரல். 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ நூலில், வேளாண் நிலத்தை அரசுடைமையாக்கிச் சாதி வேறுபாடு இல்லாமல் குத்தகைக்கு விடச் சொன்னார். அது அம்பாரத்தைச் சரியாக அளக்கச் சொன்ன குரல். ஒன்றைச் சொல்லி மற்றொன்றைக் கைவிட அவர் தயாராக இல்லை.

மாணவ நண்பர்களே, நாளை யாராவது உங்களிடம் ‘உங்கள் ஆதாயம் எங்கள் நட்டம்’ என்று சொன்னால் கோபப்பட வேண்டாம்; மூன்று கேள்வி கேளுங்கள். இழந்தது பொருளா, மேலாண்மையா? அது முதலில் உங்களுடையதாக எப்படி ஆனது? எங்கள் இழப்பு எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது? கேட்பதோடு நிற்காமல் ஒரு வேலையும் செய்யுங்கள். உங்கள் வட்டத்தின் பழைய நிலப் பதிவேடுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். 1892க்குப் பிறகு எந்தப் புல எண் யாருக்கு ஒதுக்கப்பட்டது, இன்று யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் வரிசையாக எழுதுங்கள். நம் பக்கத்துக் கணக்கை நாமே எழுதத் தொடங்கும் வரை, அவர்கள் எழுதிய கணக்குத்தான் கணக்கு.